பாணருக்கு இட்ட பலகை

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். இசையின் பெருமையைப் பேசுவது மிக எளிது. இசைக்குக் கல்லும் கரையும், கடவுளும் இரங்குவார் என்று சொல்லி அமர்ந்துவிடலாம். ஆனால் இசையைப் போற்றுவது வேறு. இசைவாணரைப் போற்றுவது வேறு. முன்னதை நாம் குறைவின்றிச் செய்து வந்திருக்கின்றோம். பின்னதை எவ்வளவு செய்தோம், இக்கொழும்பு மாநகரிலே இன்று எவ்வளவு செய்கின்றோம் என்பதையே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

பெரியபுராணத்திலே திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் வரலாற்றை நீங்கள் யாவரும் படித்திருப்பீர்கள். பாணர் குலத்திலே பிறந்த அவர் கோயிலின் உள்ளே செல்லும் உரிமை இல்லாதவராய், திருவாலவாயிலே வாயிலின்முன் நின்று யாழ் வாசித்தார். இறைவன் அடியார்களின் கனவிலே தோன்றி அவரை உள்ளே அழைத்துவரப் பணித்தார். அடியார்கள் அவ்வாறே திருமுன் கொண்டுவந்தனர். அவர் தரையில் இருந்து யாழ் வாசித்தபோது, தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக் கட்டுத் தளரும், ஆகவே பாணருக்குப் பொற்பலகை இடுக என்று வானிலே ஒரு குரல் எழுந்தது. திருவாரூரிலோ அவர் புகுவதற்கென்றே வடதிசையில் ஒரு வாயில் திறந்தது.

இவ்வரலாற்றிலே நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பாணருக்கு இறைவன் கொடுத்தது பொற்கிழி அன்று, புகழுரையும் அன்று. உட்கார ஓர் இடம் கொடுத்தார். அதற்குச் சொன்ன காரணமோ தொழில் தெரிந்தவர் சொல்லும் காரணம். ஈரத்தில் யாழ் கெடும் என்பது யாழைப் பற்றி அறிந்தவருக்குத்தான் தோன்றும். இசைவாணரை மதிப்பதென்றால் அவருடைய தொழிலின் தேவையை அறிந்து இடம் கொடுப்பது. இதனினும் தெளிவான இலக்கணம் எமக்குத் தெரியவில்லை.

அந்நாயனார் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு திருஞானசம்பந்தருடன் ஊர்தோறும் சென்றவர். திருச்சாத்தமங்கையிலே திருநீலநக்கர் என்னும் அந்தணர் அவ்விருவருக்கும் தம் இல்லத்து வேள்வி வேதிகையின் அருகிலேயே இடம் கொடுத்தார். தேவாரத் திருமுறைகள் சோழர் காலத்திலே தில்லையிலிருந்து மீட்கப்பட்டபோதும், அவற்றுக்குப் பண் வகுத்தளித்தவர் அதே யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஆகவே நாம் இன்று ஓதும் தேவாரத்தின் இசை, ஒரு காலத்தில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு குடியினர் நமக்குக் காத்துக் கொடுத்த செல்வமாகும்.

நிற்க. யாழ்ப்பாணம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்பார்வையற்ற பாணன் ஒருவன் அரசன் முன் யாழ் வாசித்து, மணற்றிடர் என்னும் நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்றும், அதனாலேயே அந்நிலம் யாழ்ப்பாணம் ஆயிற்று என்றும் யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும். இது செவிவழிக் கதையே. எனினும் தன் ஊர்ப்பெயருக்கு ஒரு போர்வீரனையோ வணிகனையோ தேடாமல் ஓர் இசைவாணனைத் தேடிய சமூகம் நம்முடையது என்பதை அக்கதை காட்டுகின்றதன்றோ? சங்க காலத்திலே பாணருக்கும் பொருநருக்கும் வழிகாட்டவே ஆற்றுப்படை என்னும் ஒரு நூல்வகை எழுந்தது. பரிசில் பெற்று வருபவன், பெறாதவனை வழியிற் கண்டு, இன்ன ஊருக்குப் போ, இன்னாரிடம் போ என்று ஆற்றுப்படுத்துவது அது.

அவ்வளவு உயர்ந்த இடம் பெற்றிருந்தோர் பின்னர் எவ்வாறு தாழ்ந்தனர்? இதற்கு நாதஸ்வரமும் தவிலும் வாசிப்போரின் வரலாறே சான்று. மேளம் இல்லாமல் நம்மவர் வாழ்வில் ஒரு நன்மையும் நடப்பதில்லை. வைகறையிலே பூபாளம், சுவாமி புறப்படும்போது மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று கோயிலின் பொழுதுகளை மேளமே அறிவித்தது. கடிகாரம் இல்லாத வீட்டிலிருந்த கிழவியும், காற்றில் வந்த இராகத்தைக் கேட்டு இன்ன பூசை நடக்கின்றது என்று சொல்லுவாள். தாலி ஏறும் வேளையிலே வேண்டாத ஓசை எதுவும் மணமக்கள் காதில் விழாதபடி கெட்டிமேளம் முழங்கும். வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டி, இடக்கையில் பூவரசங் கம்பு பிடித்து, பலாமரத்தில் கடைந்த தவிலைத் தோளில் தாங்கி இரவு முழுவதும் வீதிவலம் வருவது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தவர்கள் மேலாடையை இடுப்பிலே கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, நாதஸ்வரக்காரருக்கு வீதி. இந்நிலையை மாற்றப் போராடியவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956). மேடையிலே அமர்ந்து வாசிப்பது தம் கலைக்குரிய உரிமை என்று அவர் வற்புறுத்தினார். ஒத்துக்குப் பதிலாகச் சுருதிக்குத் தம்புராவை வைத்துக்கொண்டார். அக்காலத்துச் சிலர் அதனைச் செருக்கு என்றனர். 1947 ஆகஸ்டில் பாரதம் விடுதலை பெற்றபோது டில்லியில் ஒலித்த மங்கல இசை அவருடைய நாதஸ்வரமே. ஒருவர் மேடையில் அமர்ந்ததனால் ஒரு தொழிலே நிமிர்ந்தது.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறை என்று எண்ணவேண்டாம். ஐரோப்பாவின் பெரும் இசையாசிரியருள் ஒருவரான ஹைடன், 1761 இல் எஸ்டர்ஹாசி என்னும் பிரபுவின் மாளிகையிலே பணிக்கு அமர்ந்தபோது, அம்மாளிகைச் சிப்பந்திகளின் சீருடையை அணியவேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்திலே எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1791 இல், அதே ஹைடனுக்கு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் அளித்தது. அவரை உயர்த்தியது இலண்டன் மாநகரிலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, அமைதியாக இருந்து கேட்ட பொதுமக்கள் கூட்டமாகும். கேட்போர் கூட்டம் ஒன்று உருவானபோதே இசைவாணர் பிரபுவின் வாயிலிலிருந்து விடுபட்டார். இச்செய்தியை மனத்திற் கொள்க. மீண்டும் இதற்கு வருவோம்.

நம் இலங்கைத் திருநாடு இசைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மட்டக்களப்புத் தந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழர் யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து ‘யாழ் நூல்’ இயற்றினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். மருதனார்மடத்திலே 1960 இல் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரியிலே மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரும் வித்துவான்கள் வந்திருந்து கற்பித்தனர். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதஸ்வரத்திற்கும் விளைநிலங்கள். இணுவில் விசுவலிங்கம் அவர்களின் மைந்தர் தட்சணாமூர்த்தி (1933–1975), தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களெல்லாம் தம்முடன் வாசிக்க அழைத்த தவில் மேதை. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே விடியும்வரை நடந்த மேளச் சமாக்களைக் கேட்டு, தாளம் தவறாமல் தலையசைக்கும் கமக்காரரும் கடைக்காரருமே அவரைப் போன்றோரை வளர்த்தனர். கணக்குப் புரிந்து கேட்கும் ஊர் இருந்தது. ஆகவே கணக்கோடு வாசிக்கும் கலைஞர் இருந்தனர்.

இனி நம் கொழும்பு மாநகருக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலே பொன். இராமநாதன் கருங்கல்லால் அமைப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும், சுவாமி விவேகானந்தர் 1897 இல் இம்மாநகருக்கு வந்து சென்றபின் 1902 இல் தோன்றிய விவேகானந்த சபையும் இருக்கின்றன. தெற்கே வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், அதற்கு இப்பால் பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபமும் இருக்கின்றன. ஆடிவேல் விழாவிலே செட்டியார்தெருப் பக்கமிருந்து பம்பலப்பிட்டி வரை வேல் பவனி வரும்போது காலி வீதியே ஒரு கச்சேரி மேடையாகிவிடும். 1925 டிசம்பரில் இந்நகரிலே தொடங்கிய வானொலி, நம் நாட்டு வித்துவான்களுக்கு மேடையும் ஊதியமும் அளித்தது. ஐம்பதுகளிலே அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு மக்கள் இலங்கை வானொலியைத் தேடிக் கேட்டனர் என்பதையும் பெரியோர்கள் அறிவர்.

அத்தகைய நகரிலே 1983 ஜூலையில் நேர்ந்ததை இளைஞர்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இல்லங்கள் எரிந்தன. பலர் நாட்டை விட்டே சென்றனர். இசையாசிரியர்களும் சென்றனர். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் நம்மவர் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் பயில்கின்றனர் என்றால், அவ்வாறு சென்றவர்கள் தம்மோடு எடுத்துச் சென்றவற்றுள் இசையும் ஒன்று என்பதே காரணம். இங்கே எஞ்சியோரும் பின்னர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து சேர்ந்தோரும், போர் நடந்த ஆண்டுகளிலும் வகுப்புகளை நிறுத்தவில்லை. இவ்வகுப்புகளிற் பெரும்பாலானவற்றைத் தாங்கி நின்றவர்கள் பெண் ஆசிரியர்கள். மதங்கசூளாமணியாரின் வழிவந்தோர் என்று அவர்களைச் சொன்னால் அது மிகையாகாது.

ஆகவே இன்று குறை எங்கே இருக்கின்றது? சனி ஞாயிறு நாள்களிலே வெள்ளவத்தையின் எந்த அடுக்குமாடிப் படியில் ஏறினாலும் ஸரளி வரிசை கேட்கின்றது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கும் பொதுத் தராதரப் பரீட்சைக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் தோற்றுகின்றனர். கற்போர் தொகை குறையவில்லை. கேட்போர் தொகைதான் குறைந்துவிட்டது. உள்ளூர் வித்துவான் ஒருவரின் கச்சேரிக்கு மண்டபம் நிரம்புவதில்லை. வந்தோரிலும் சிலர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கோப்பி குடிக்க எழுந்து செல்கின்றனர். சான்றிதழ் பெற்ற பிள்ளை, அடுத்த ஆண்டு வீணையை உறையிலிட்டு அலுமாரியின் மேலே ஏற்றிவிடுகின்றது. பத்து ஆண்டு பயின்றவர் ஒரு நல்ல இரசிகராகவாவது மிஞ்சவேண்டாமா?

திருமண மண்டபங்களைப் பாருங்கள். பூ அலங்காரத்திற்கும் புகைப்படத்திற்கும் செலவிடும் தொகையிலே சிறு பங்குகூட மேளத்திற்கு ஒதுக்க மனம் வருவதில்லை. மேளகாரருக்கு ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகே ஒரு மூலை. அவர்கள் வாசிக்கும்போதே மற்றொரு புறத்தில் திரைப்பாடல் ஒலிக்கின்றது. விருந்தினர் எல்லோரும் உண்ட பின்னரே அவர்களுக்குப் பந்தி. பேசிய சன்மானத்தை வாங்குவதற்கும், மணப்பெண்ணின் மாமனாரைத் தேடி மண்டபத்தைச் சுற்றி வரவேண்டியிருக்கின்றது. சில இல்லங்களிலே அவர்களை அழைப்பதையும் விட்டு, கைத்தொலைபேசியிலிருந்து நாதஸ்வரத்தை ஒலிக்க விட்டுத் தாலி கட்டுகின்றனர். கோயில்களிலோ மின்சாரத்தில் இயங்கும் மேளமும் மணியும் வந்துவிட்டன.

“இயந்திரம் தவறாமல் அடிக்கின்றதே, செலவும் இல்லையே” என்று கேட்போர் உண்டு. இயந்திரம் அடிக்கும், ஆனால் பார்க்காது. ஐயர் கையசைப்பதையும், மணமகன் கை நடுங்குவதையும், மூன்றாம் முடிச்சு விழுவதையும் தவில்காரரின் கண் பார்க்கின்றது. அதற்கேற்பவே கை ஓடுகின்றது. சுவாமி ஒரு திருப்பத்திலே நின்றால் இராகமும் அங்கே நிற்கின்றது. காவுவோர் களைத்தால் தாளம் அவர்களை ஊக்குகின்றது. இது ஒரு மனிதக் கூட்டம் இன்னொரு மனிதக் கூட்டத்தோடு சேர்ந்து செய்யும் வழிபாடு. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை நீக்கிவிட்டால், எஞ்சுவது வழிபாட்டின் ஓசை மட்டுமே.

“இசை சோறு போடுமா?” என்பது பெற்றோர் கேட்கும் மற்றொரு கேள்வி. இது நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு விடை சொல்லவேண்டியவர் இசைவாணர் அல்லர், நாமே. நாம் கொடுத்தால் போடும், கொடாவிட்டால் போடாது. தவில் வித்துவான் ஒருவர் தம் மகனுக்குத் தவில் வேண்டாம், கணினி படி என்று சொல்வாரானால், அது கலையின்மேல் அவருக்கு வந்த வெறுப்பன்று. பந்தியில் கடைசி இடத்தில் அமர்ந்து எழுந்த தந்தையின் தீர்மானம் அது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். இசையைப் பிறப்போடு கட்டிவைத்த பிழை நம் சமூகத்திற்கு உண்டு. நாதஸ்வரத்தைக் கேட்டு மகிழ்ந்தோர் அதனைத் தம் பிள்ளைகள் பயில விரும்பவில்லை. புறநானூற்றிலே சிறப்பித்துச் சொல்லப்பட்ட பறையை முழக்கியோரை, பிற்காலத்தார் தீண்டாமை என்னும் பெயரால் கோயில் வாயிலிலேயே நிறுத்தினர். 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்திற்குப் போராட நேர்ந்தது என்பது நம் நினைவில் இருக்கவேண்டியதாகும். கலைக்குக் குலமும் இல்லை, மதமும் இல்லை. திருவரங்கத்திலே வாழ்ந்து, இராம பக்தியோடு நாதஸ்வரம் வாசித்துப் புகழ்பெற்ற ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஓர் இஸ்லாமியர். பாணருக்கு வடவாயில் திறந்த இறைவனை வணங்குவோர் வேறு எவ்வாறு நினைக்க முடியும்?

மன்றத்து இளைஞர்களே, குறை கூறுவதோடு பேச்சு முடிந்தால் அதனாற் பயனில்லை. உங்களால் இந்த ஆண்டிலேயே செய்யக்கூடிய மூன்றை மட்டும் சொல்லுகின்றோம்.

முதலாவது, கேட்போர் கூட்டம் ஒன்றை உருவாக்குங்கள். இலண்டன் மக்கள் ஹைடனுக்குச் செய்தது அதுதான். மாதத்திற்கு ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், உள்ளூர் வித்துவான் ஒருவரின் கச்சேரி. நாதஸ்வரமும் அதில் முறைவைத்து இடம்பெறட்டும், மேடையிலேயே இடம்பெறட்டும். கச்சேரிக்கு முன் பத்து நிமிடம் ஓர் ஆசிரியர், இன்று கேட்கப்போகும் இராகம் இது, தாளம் இது, விரலை இவ்வாறு எண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுக்கட்டும். தாளம் எண்ணத் தெரிந்தவன் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகமாட்டான்.

இரண்டாவது, சன்மானத்தை ஒழுங்கு செய்யுங்கள். எவ்வளவு என்பதை முன்னரே பேசி, கச்சேரி முடிந்த அன்றே, கேட்காமலே, உறையில் இட்டு, இரு கையாலும் கொடுங்கள். உங்கள் வீட்டுத் திருமணங்களிலும் இதனையே செய்யுங்கள். மேளகாரருக்குச் சமுக்காளம் விரித்த மேடையும், சுற்றத்தாரோடு ஒரே பந்தியும் கொடுக்கவேண்டும் என்று பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள். முகூர்த்தத்திற்கு முன் கால்மணி நேரமாவது வேறு ஒலி எதுவுமின்றி அவர்கள் வாசிக்கச் சபை கேட்கட்டும். இவற்றிற்கெல்லாம் பெருஞ்செலவு இல்லை.

மூன்றாவது, நீங்களே பாடுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசையிலே பஞ்சபுராணம் ஓதும் வேளையில் ஒருவர் பாட மற்றவர்கள் வாய் மூடி நிற்பதே வழக்கமாகிவிட்டது. பண்ணோடு ஓதத் தெரிந்த பெரியவர்கள் இந்நகரில் இன்னும் இருக்கின்றனர். அவர்களை மன்றத்துக்கு அழைத்து, ஆண்டுக்குப் பத்துத் தேவாரங்களையாவது உரிய பண்ணிலே பழகுங்கள். அவர்கள் பாடுவதை ஒலிப்பதிவு செய்தும் வையுங்கள். தானே பாடிப் பார்த்தவனுக்குத்தான் நன்றாகப் பாடுபவரின் அருமை விளங்கும்.

பெரியோர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இளைஞர்கள் இவற்றைச் செய்ய முன்வரும்போது, மண்டப வாடகைக்கு வழி என்ன என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். முன் வரிசையிலே வந்து அமருங்கள். முற்காலத்திலே ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருந்தது போல, ஒவ்வொரு மாதக் கச்சேரிக்கும் ஒரு குடும்பம் உபயம் ஏற்குமானால் பன்னிரண்டு குடும்பங்களோடு காரியம் முடிந்தது. இச்சபையிலே அதனினும் பலர் இருக்கின்றீர்கள்.

திருவாலவாயிலே இறைவன் இடச் சொன்ன பலகை பொன்னாலானது. நம்மால் இயன்றது மரப்பலகையாக இருக்கலாம். அதன்மேல் ஒரு சமுக்காளம் இருக்கலாம். அதனை நாம் இடுவோமாக. இருந்து கேட்போமாக.